பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த கேப்டன்

தூக்கம் வராமல் 2016 யூரோ கால்பந்துக் காலிறுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். வேல்ஸ், பெல்ஜியம். பெல்ஜியத்தின் நைங்கோலான் தூரத்திலிருந்து அடித்த அந்த இடி கோலோடு வேல்ஸ் கதை முடிந்ததென்றுதான் அன்றைக்கு நினைத்தேன். 31-வது நிமிடம், ராம்சியின் கார்னர். வேல்ஸ் கேப்டன் ஆஷ்லி வில்லியம்ஸ் ஓடி வந்து தலையால் முட்டினார். 1-1!

முந்தைய ஆட்டத்தில்தான் சக வீரர் மேலேயே மோதித் தோளில் அடி. கை தொங்கிப்போய் நின்றவர், வெளியே வா என்றால் மாட்டேன் என்று கடைசிவரை ஆடினார். வீம்புக்காரர்!

16 வயதில் வெஸ்ட் ப்ராம் கிளப் கழற்றிவிட்ட பையன். ஹெட்னஸ்ஃபோர்டு என்ற சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டே பெட்ரோல் பங்க்கில் வேலை. அப்புறம் ஸ்டாக்போர்ட், 2008-ல் ஸ்வான்சி. 2013-ல் ஸ்வான்சியோடு இங்கிலாந்தின் லீக் கப்பையும் தூக்கினார். பிறந்தது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில். அம்மா வழித் தாத்தா வேல்ஸ்காரர் என்பதால் வேல்ஸ் ஜெர்சி கிடைத்தது. வேல்ஸுக்காக மொத்தம் 86 ஆட்டம்.

அன்றைக்கு வேல்ஸுக்கு 3-1 வெற்றி. எல்லாரும் ராப்சன்-கானு திரும்பி அடித்த கோலைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த முதல் முட்டுதான். நாலு தடவை ரீவைண்ட் பண்ணியாச்சு, மணி ரெண்டரை.