மூன்று தளம், மூன்று எண்: ஓர் உளவியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை நேராக்கியது

தஞ்சாவூரில் அறிவாற்றல் உளவியல் பேராசிரியர் ஒருவரின் பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு மேற்கோள் கணக்கு (அவருடைய கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கின்றன என்பது) தயாரித்தபோது நாங்கள் போன வழி இது. டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் இணையத் தளங்களில், ஒரே ஆளுக்குக் கூகுள் ஸ்காலர் ஓர் எண் காட்டும், ஸ்கோபஸ் இன்னொன்று, வெப் ஆஃப் சயின்ஸ் வேறொன்று. பெரும்பாலும் ஸ்காலர்தான் பெரியது. ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்வரைவு, மாநாட்டுத் தொகுப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அது எண்ணும். மற்ற இரண்டும் தாங்கள் சேர்த்துக்கொண்ட வெளியீடுகளை மட்டும் பார்க்கும். அதனால் எந்த எண்ணை எழுதினாலும் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எண்ணுவதற்கு முன் பெயரைச் சரிசெய்யவேண்டும். பாதிச் சிக்கல் அங்கேதான். வெளிநாட்டுத் தளங்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். எஸ். கயல்விழி என்று ஒருவர் இருந்தால், ஓர் இதழில் எஸ் இனிஷியல், இன்னொன்றில் அதுவே குடும்பப் பெயர், மூன்றாவதில் இனிஷியல் விரிந்து தகப்பனார் பெயரே ஆசிரியர் பெயர். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒரு கட்டுரையில் இசட்-ஹெச், அடுத்ததில் வெறும் எல். ஊர்ப் பெயரும் அப்படியே: தஞ்சாவூர், டாஞ்சூர், திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி. பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் சில கட்டுரைகளில் கல்லூரிப் பெயரும் சிலவற்றில் பல்கலைக்கழகப் பெயரும் மட்டும் இருக்கும். இத்தனையும் சேர்ந்தால் ஸ்கோபஸ் ஒரே ஆளை இரண்டு மூன்று ஆசிரியர் எண்களாக உடைத்துவிடும்.

முதலில் ஆர்சிட் (ORCID) கணக்கு: ஆய்வாளருக்கென்று ஒரே நிலையான அடையாள எண் தரும் தளம் இது. 16 இலக்க எண் கிடைத்ததும் 'வேறு பெயர்கள்' பகுதியில் எல்லா எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். அடுத்து ஸ்கோபஸின் இலவச ஆசிரியர் தேடலில் பெயரை முன்பின் மாற்றித் தேடி, கிடைக்கும் ப்ரொபைல்களைத் தேர்ந்தெடுத்து இணைக்கக் கோருங்கள். இதற்குச் சந்தா தேவையில்லை. ஆனால் திருத்தம் வந்துசேரச் சில வாரம் பிடிக்கும், கடைசி நாளில் தொடங்கினால் நடக்காது. இணைந்த பிறகு பட்டியலை ஆர்சிட்டுக்கு அனுப்பினால் இரட்டைப் பதிவு குறையும்.

ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு மின்னஞ்சலில் கேட்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேளாண் விஞ்ஞானியின் நெல் ஆராய்ச்சி உளவியல் பட்டியலில் வந்து உட்காரும். தேர்வுக் குழுவில் யாராவது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டாகப் பதிவான ஒரே கட்டுரையை இரண்டையும் குறியிட்டு இணைக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வந்தால், வேறு கட்டுரையின் மேற்கோளும் உள்ளே கலந்திருக்கக்கூடும் என்று பொருள். திறந்து பாருங்கள்.

மேற்கோள் விடுபடுவதற்குப் பொதுக் காரணம், மேற்கோள் காட்டியவர் ஆண்டையோ தொகுதி எண்ணையோ தப்பாக அச்சிட்டிருப்பது. மேற்கோள் காட்டிய கட்டுரை, காட்டப்பட்ட கட்டுரை இரண்டின் டி.ஓ.ஐ.யோடு (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்), அவர் துணைநூல் பட்டியலில் எத்தனையாவது வரி என்பதையும் எழுதி ஸ்கோபஸுக்கு அனுப்பவேண்டும்.

எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு; கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்துப் பார்ப்பது. 8 வேண்டுமென்றால் 8 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 8 மேற்கோள் பெற்றிருக்கவேண்டும். ஒரு கட்டுரை 5, 4 என்று உடைந்து கிடந்து, இணைத்ததும் 9 ஆனால் எண் ஏறலாம். மற்ற 7 கட்டுரைகளும் 8ஐத் தொட்டிருந்தால் மட்டும். நூல் அத்தியாயங்களை விட்டுவிடாதீர்கள். பணி நினைவாற்றல் (தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்து வேலைசெய்யும் திறன்) பற்றி உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்ச்சும் 1974இல் எழுதியதே ஒரு தொகுப்பு நூலின் அத்தியாயம்தான்.

இவ்வளவு பாடுபட்டாலும் 2018 யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் எச்-இண்டெக்ஸுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. படிவம் கேட்கும், குழு பார்க்கும், அவ்வளவுதான். மதிப்பெண் கட்டுரைக்கு: அறிவியல் புலத்தில் 8, சமூக அறிவியலில் 10. உளவியல் எந்தப் புலம் என்பது இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதழின் தாக்கக் காரணி (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் அளவு) 1க்கும் 2க்கும் இடையில் என்றால் 15 கூடும், 2க்கும் 5க்கும் இடையில் என்றால் 20. சமூக அறிவியல் கணக்கில் 10 + 20 = 30; மூன்று பேர் எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கு 70 சதவீதம், 21; மற்ற இருவருக்கும் ஆளுக்கு 30 சதவீதம், 9. முதன்மை ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியர் (கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர்) என்பதற்குக் கட்டுரையின் முதல் பக்கமே சான்று.

மேற்கோள்களை எண்ணினால் போதாது, படிக்கவும் வேண்டும். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த வறுமையும் சிந்தனைத் திறனும் பற்றிய ஆய்வு நம் பக்கத்து ஊர்க்காரர்களிடம் நடந்தது: விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள், அறுவடைக்கு முன்னும் பின்னும் ரேவன் (வடிவப் புதிர்), ஸ்ட்ரூப் (கவனக் கட்டுப்பாடு) சோதனைகள். அதே ஆண்டு அதே இதழில் அதன் புள்ளியியலைக் கேள்வி கேட்டு ஒரு குறிப்பும், ஆசிரியர்களின் பதிலும் வந்தன. அந்த மறுப்பும் கணக்கில் ஒரு மேற்கோள்தான். மொத்த எண்ணிக்கை பாராட்டையும் மறுப்பையும் பிரித்துக் காட்டாது. ஆகவே எக்செல் தாளில் நான்கு பத்தி போட்டோம்: ஆசிரியர் தன் கட்டுரையைத் தானே காட்டிய சொந்த மேற்கோள், பெயரளவில் வந்தது, முறையைப் பயன்படுத்தியது, மறுத்தது. மூன்றாவது பத்தியில் உள்ளவற்றிலிருந்து ஐந்தாறு வரி எடுத்து ஆய்வுப் பங்களிப்புக் குறிப்பில் எழுதினால், நேர்காணலில் கேள்வி எண்ணிக்கையை விட்டு வேலையைப் பற்றித் திரும்பும்.

எல்லாப் பக்கங்களையும் தேதி தெரிய ஒரே நாளில் பி.டி.எஃப். எடுத்து நூலகரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். மறுவாரம் எண் மாறிவிடும்.