செவர்ன் கரையில் விலாங்குக் குஞ்சுகள்

பெரியவர் வலையிலிருந்து ஒன்றை எடுத்து என் ஈரக் கையில் விட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபோது ஊசிமுனை அளவில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை கண்கள். அவற்றுக்குப் பின்னால் சேமியா மாதிரி ஓர் உடல், கண்ணாடியாக. அதன் வழியே என் கைரேகையைப் பார்க்க முடிந்தது. ஏழு சென்டிமீட்டர் இருக்கும். விலாங்குக் குஞ்சு.

இங்கிலாந்தின் மேற்கே குளோஸ்டர் நகருக்குக் கீழே செவர்ன் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தோம். மே மாத முதல் வாரம், பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், இரவு பத்து மணி தாண்டிவிட்டது. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். பகலில் ஊரையும் பேராலயத்தையும் சுற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நான் வந்தது இந்த இரவுக்காக.

செவர்னின் கழிமுகத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, பதினான்கு மீட்டர் வரைகூடப் போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஆற்றுக்குள் ஓர் அலையாகவே எதிர்த்து வரும். மார்ச், செப்டம்பரில் வருகிற அளவு பெரிய அலை இல்லை அன்று. முதலில் தூரத்தில் ஒரு இரைச்சல். அப்புறம் கரையோர நாணல் எல்லாம் ஒரே நேரத்தில் தலையாட்டியது. சற்று நேரத்தில் ஆறு பின்பக்கமாக ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் குஞ்சுகள் அதில்தான் ஏறி வருகின்றன. நீர் வடியத் தொடங்கியதும் கரை ஓரமாக ஒதுங்கி, வேகம் குறைந்த இடமாகப் பார்த்து எதிர்நீச்சல் போடுகின்றன. வலைக்காரர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நீண்ட கம்பில் கட்டிய, தொட்டில் போன்ற கைவலை. அதன் வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பிக் கரையோடு அணைத்துப் பிடிக்கிறார்கள். ஒவ்வொருவரும் நிற்கும் இடத்துக்கு இங்கே ‘டம்ப்’ என்று பெயர். நல்ல டம்ப் கிடைக்க, ஓதம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்களாம்.

“சின்ன வயதில் இந்தக் கரை முழுக்க விளக்காக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்றிக் கொழுப்பில் வதக்கி முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிடுவோம். ஏழை வீட்டுச் சாப்பாடு அது” என்றார் பெரியவர். அன்று அவர் விளக்கையும் சேர்த்து ஐந்து விளக்குகளை எண்ணினேன்.

கையில் இருந்ததை ஆற்றிலேயே விட்டுவிட்டேன். அது வந்த தூரத்தை நினைத்தால் வேறு எதுவும் செய்யத் தோன்றாது. அட்லாண்டிக் பெருங்கடலின் மறுபக்கத்தில் உள்ள சர்காசோ கடலில் பிறந்து, இலை போன்ற தட்டையான உருவில் இரண்டு மூன்று ஆண்டுகள் நீரோட்டத்தில் மிதந்து, ஐரோப்பாவை நெருங்கும்போது இந்தக் கண்ணாடி உடலுக்கு மாறுகிறது. ஆற்றில் பத்து, இருபது ஆண்டுகள்கூட வளரும். பிறகு ஒரு நாள் கண் பெரிதாகி, வயிறு வெள்ளியாகி, குடல் சுருங்கி, எதுவும் தின்னாமல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் திரும்ப நீந்திப் போய் முட்டையிட்டுச் சாகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஷ்மிட் 1904இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கடலைச் சல்லடை போட்டு, மேலும் மேலும் சிறிய குஞ்சுகளைத் தேடிப்போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் கருவி கட்டி விட்ட பெரிய விலாங்குகள் சர்காசோ வரை போய்ச் சேர்ந்தது 2022இல்தான் உறுதியானது. அங்கே அவை முட்டையிடுவதை இன்றுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட உயிர் 2008 முதல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 1960, 70களில் நூறு குஞ்சுகள் வந்த இடத்தில் இன்று வடகடல் கரைகளுக்கு ஒன்று வருவதே பெரிது, மற்ற ஐரோப்பியக் கரைகளுக்குப் பத்து வந்தால் அதிகம். அணை, மதகு, நீரேற்றும் பம்புகள், வற்றவைத்த சதுப்பு, ஆசிய விலாங்குகளோடு வந்து நீந்தும் பையைத் தாக்கும் ஒரு புழு என்று காரணங்கள் பல. கடத்தல் வேறு. விலாங்கைப் பண்ணையில் முட்டையிடவைத்து வியாபார அளவில் வளர்க்க முடிவதில்லை, அதனால் கிழக்காசியப் பண்ணைகள் காட்டுக் குஞ்சுகளையே நம்பியிருக்கின்றன. 2017இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஹாங்காங்குக்குப் போகவிருந்த 200 கிலோ குஞ்சுகள் மீன் பெட்டிகளுக்கு அடியில் பிடிபட்டன. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய மூவாயிரம் குஞ்சுகள். கணக்குப் போட்டால் வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் மாலை ஒரு கிளை ஓடையின் மதகுக்குப் போனோம். சாதாரண இரும்பு மதகுதான். அதன் ஓரத்தில் சாய்வாக ஒரு பலகை, பலகை முழுக்கத் துணி துவைக்கும் பிரஷ் போல நெருக்கமான நார்முட்கள். மேலே இருந்து சன்னமாகத் தண்ணீர் கசிகிறது. அவ்வளவுதான். விலாங்குக் குஞ்சு தாண்டிக் குதிக்கத் தெரியாதது, ஈரமும் பற்றுக்கோடும் கிடைத்தால் ஊர்ந்து ஏறிவிடும். 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதியின் இலக்கு, மனிதக் குறுக்கீடே இல்லாதிருந்தால் கடலுக்குத் திரும்பியிருக்கும் பெரிய விலாங்குகளில் குறைந்தது 40 சதவீதமாவது திரும்ப வேண்டும் என்பது. அதையொட்டி இங்கிலாந்தும் வேல்ஸும் 2009இல் போட்ட சட்டத்தால் இப்படிப்பட்ட ஏணிகளையும், தண்ணீர் உறிஞ்சும் குழாய்களுக்கு வலைத் தடுப்பையும் வைக்கச் சொல்ல முடிகிறது.

கீழே பிடித்ததை வண்டியில் ஏற்றி மேலே உள்ள ஏரிகளில் விடுவதும் நடக்கிறது. வலைக்காரர்களுக்கு அதனால் பிழைப்பும் இருந்தது. நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஏரியில் வளர்ந்தது இலையுதிர்கால வெள்ளத்தில், நிலவில்லாத இரவில் கடலை நோக்கிக் கிளம்பும்போது, வழியில் பம்பின் இறக்கை இருந்தால்? ஏறவும் இறங்கவும் வழிவிடுவதுதான் முதல் வேலை என்று எனக்குப் படுகிறது. பிடிப்பதையே எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்லி சர்வதேசக் கடலாய்வு மன்றம் 2021 முதல் ஆண்டுதோறும் ஆலோசனை தருகிறது. பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் தெரியாததில்லை.

மதகடியில் இருந்தபடியே ஊருக்கு அழைத்தேன். தஞ்சைப் பக்கம் எங்கள் வாய்க்காலில் அப்பா விலாங்கு பிடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். நம் ஆறுகளில் உள்ள விலாங்கும் கடலில் பிறந்து ஏறிவருவதுதான் என்று சொன்னதும் அப்பா சற்று நேரம் பேசவில்லை.

“மடைக்குள்ள கைய விட்டா வழுக்கிக்கிட்டு ஓடும்டா. பாத்து எத்தனையோ வருஷமாச்சு” என்றார். பிறகு, “அங்க ஏறுதா?” என்று கேட்டார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கணக்கெடுக்க வந்த பெண் சிவப்பு விளக்கைப் பலகைமேல் காட்டினார். நார்முட்களுக்கு நடுவே நூல் போல ஒன்று வளைந்து வளைந்து வந்தது. பாதியில் வழுக்கி ஒரு சாண் கீழே போய், மறுபடி தொடங்கியது.

“ஏறுதுப்பா” என்றேன்.