கோழி கொறட்டை விட்டால் மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"கோழி கொறட்டை விடுது, என்ன மாத்திரை குடுக்க?" என்று கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. தும்மலும் மூக்கொழுகலும் பல சீக்குகளுக்குப் பொது. மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு, சிலவற்றுக்கு மருந்தே கிடையாது.

சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து, சிறகை அகட்டி இரைக்கும் கோழியை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சத்தம் வராது, மூக்கும் காய்ந்திருக்கும். அதற்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும்.

மற்றபடி, கோழிகள் அடைந்த பிறகு ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு விளக்குப் போடாமல் கூட்டுப் பக்கம் நின்று காது கொடுங்கள். பகலில் கேட்காத கர்கர் சத்தம் அப்போது கேட்கும். காலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து மூக்குத் துவாரத்தை அமுக்கி, கண்ணுக்குக் கீழே தடவி, வாயைத் திறந்து, எச்சத்தையும் பாருங்கள்.

கண்ணோரம் சோப்பு நுரை மாதிரிக் குமிழ், ராத்திரிச் சத்தம், மெதுவாக உடல் மெலிவு, சாவு குறைவு. இது மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் தொடர் சுவாச நோய். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடி, மூக்குச் சளி குடலைப் பிரட்டுகிற நாற்றம் அடித்தால் அது கொரைசா என்கிற சளி நோய். ஓரிரு நாளில் கூட்டில் பாதிக்குப் பரவியிருக்கும். வாய்க்குள் மஞ்சள் படலம் ஒட்டியிருந்தால் கோழி அம்மை. கார்த்திகை கொசுவோடு வருவது. படலத்தைப் பிய்த்தால் ரத்தம் கொட்டும், பிய்க்காதீர்கள். இரைப்போடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சில கோழிக்குக் கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சல். வைரஸ் நோய் என்பதால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைக் கொல்லாது. கொண்டை நீலம் பாய்ந்து ஒரே நாளில் கொத்தாகச் செத்தால் அறுத்துப் பார்க்க வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1962-க்குப் போன் போட்டாலும் போதும்.

தொடர் சுவாச நோய்க்கு டாக்டர் பெரும்பாலும் டைலோசின் என்கிற ஆன்டிபயாட்டிக் பொடியை எழுதுவார். லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், 3 முதல் 5 நாள் என்பது வழக்கமான கணக்கு. பொடிக்குப் பொடி வீரியம் மாறும் என்பதால் கவரில் உள்ளதைப் பார்த்து அவரிடமே கேட்டுக் கொள்ளவும். கொரைசாவுக்கு வழக்கமாக சல்ஃபா வகை மருந்து. மருந்து வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். மேய்கிற கோழி மருந்துத் தண்ணீரை விட்டுவிட்டுச் சாக்கடையில் குடித்துவிடும். அந்த நாட்களில் அடைத்துப் போடுங்கள். பெரிய கோழி ஒன்று நாளைக்குக் கால் லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் கூடும். பத்துக் கோழிக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்து, காலையில் பாதி, மத்தியானம் புதிதாகப் பாதி கலக்கவும். திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் கலந்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரே குடிக்காத அளவுக்குச் சோர்ந்த கோழிக்கு ஊசிதான். வாயில் ஊற்றினால் நாக்கின் பின்னாலுள்ள மூச்சுத் துவாரத்தில் இறங்கிச் செத்துப்போகும். மருந்து கொடுத்த நாட்களிலும், டாக்டர் சொல்லும் கெடு முடியும் வரையிலும் முட்டையும் கறியும் வேண்டாம். சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு இடித்துக் கொடுப்பதில் தப்பில்லை, அதை நம்பி இரண்டு நாளை ஓட்டுவதுதான் தப்பு.

இனி கூடு. ஐப்பசி மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றிவிடுகிறோம். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேற வழியில்லை. கோழி உயரத்துக்குக் குனிந்து நின்றால் நம் கண் எரிகிறதா? அப்படியானால் அதன் மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் போட்ட உமியைக் கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அள்ளிப் போட்டுவிட்டுப் புதிது பரப்பவும். கொசுவுக்கென்று கூட்டுக்குள் நொச்சிப் புகை போடுவது, மூச்சு விட முடியாத கோழியை மேலும் மூச்சுத் திணற வைப்பது. புகைக்குப் பதில் கொசுவலை.

சீக்குக் கோழியைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து வையுங்கள், ஆனால் காற்றுக்குக் கீழ்ப்பக்கம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அப்போது நல்ல கோழிக்குக் கிழக்கே இருக்க வேண்டும். தீனி முதலில் நல்லதுக்கு, கடைசியில்தான் சீக்குக்கு.

தேறிய கோழியை நம்பாதீர்கள். தொடர் சுவாச நோயும் கொரைசாவும் வந்து தேறியது, வெளியே நன்றாக இருந்தாலும், கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகவும் குஞ்சுக்குப் போகும். அந்தப் பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். கோயில் கொடைக்கென்று சந்தையில் வாங்கிவரும் சேவலும் இப்படித்தான். நேரே கூட்டத்தில் விடாமல் மூன்று வாரமாவது தள்ளிக் கட்டி வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் தெளிவான வழி. 7-ஆம் நாள் லசோட்டா என்கிற சொட்டு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, 28-ஆம் நாள் இன்னொரு முறை, 8-ஆம் வாரம் ஆர்.டி.வி.கே. என்கிற ஊசி 0.5 மில்லி இறக்கைத் தோலுக்கடியில். உயிருள்ள மருந்து என்பதால் ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும். கலக்கினால் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பியில் 100 கோழிக்கு மேல் வரும், ஆகவே தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவது சிக்கனம். பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாமும் நடத்துகிறது. கொறட்டை விடுகிற கூட்டத்துக்கு அன்றைக்கு மட்டும் போட வேண்டாம், சளி இன்னும் முற்றும்.