அதிக மைல் ஓட்டிய வாரத்தின் சம்பளச் சீட்டு

என் அக்காள் மகன் 2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில், டெக்சாஸில் ஒரு நிறுவனத்தில் டிரக் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தான். மைலுக்கு 50 சென்ட் கூலி. சேர்ந்த சில வாரங்களிலேயே இரண்டு சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். 2,000 மைல் ஓட்டிய வாரத்தில் 1,000 டாலர் சம்பளத்துக்கு ஏறத்தாழ 82 டாலரும், 3,200 மைல் ஓட்டிய வாரத்தில் 1,600 டாலருக்கு 195 டாலரும் கூட்டாட்சி வருமான வரியாகப் பிடித்திருந்தார்கள். "மாமா, கூட ஓட்டினா அடுத்த வரி அடுக்குக்குப் போயிடுறேன் போல. பேசாம ஒரு லோடைக் குறைச்சுக்கவா?" என்று கேட்டான்.

இதே கேள்வியைப் பல ஆண்டுகளாக ஓட்டுபவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த அடுக்கில் கால் வைத்ததும் மொத்தச் சம்பளத்துக்கும் அந்த அதிக விகிதம் விழும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நடப்பது அதுவன்று. 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, திருமணமாகாத ஒருவருடைய சம்பளத்தில் முதல் 14,600 டாலர் நிலையான கழிவாக வரியின்றிப் போய்விடும். அதற்கு மேல் வரும் முதல் 11,600 டாலருக்கு 10 விழுக்காடும், அதிலிருந்து 47,150 வரையுள்ள பகுதிக்கு 12 விழுக்காடும், அதையும் தாண்டிய பகுதிக்கு மட்டும் 22 விழுக்காடும் வரி. ஆகவே ஒருவர் ஆண்டுக்கு 61,750 டாலர் சம்பாதிக்கும் வரை 22 விழுக்காடு அவரைத் தொடுவதே இல்லை. 62,000 சம்பாதித்தால், எல்லையைத் தாண்டிய 250 டாலருக்கு 55 டாலர் வரி. தாண்டாமல் இருந்திருந்தால் அதே 250க்கு 30 டாலர். இந்த 25 டாலருக்குப் பயந்து யாராவது லோடை விடுவார்களா?

அப்படியானால் 82 ஏன் 195 ஆயிற்று? சம்பளம் போடும் மென்பொருளுக்கு அந்த ஒரு வாரம்தான் தெரியும். 1,600 டாலரைப் பார்த்ததும், இவன் 52 வாரமும் இப்படியே சம்பாதிப்பான் என்று வைத்து, 83,200 டாலர் ஆண்டு வருமானத்துக்கான வரியைக் கணக்கிட்டு, அதை 52ஆல் வகுத்துப் பிடித்துக்கொள்கிறது. மைல் கணக்கில் கூலி வாங்குபவருக்கு எல்லா வாரமும் ஒன்றுபோல அமையாது. பனியில் நின்ற வாரமும் உண்டு, கிடங்கு வாசலில் சரக்கு இறக்கக் காத்துக்கிடந்த வாரமும் உண்டு. நல்ல வாரத்தில் கூடுதலாகப் பிடித்தது, ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்யும்போது நேராகிவிடும். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்கள் போக அவன் கையில் வந்தது முதல் சீட்டில் 842 டாலர், இரண்டாவதில் 1,282. கூடுதலாக ஓட்டிய 1,200 மைல் அவனுக்கு 440 டாலரைத் தந்திருக்கிறது.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவனுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிசம்பர் வரை 18 வாரம், சராசரியாக 1,000 டாலர் என்றால் 18,000 டாலர். அந்த ஆண்டில் அவனுக்கு வேறு வருமானம் இல்லை. கழிவு போக மிஞ்சும் 3,400 டாலருக்கு 340 டாலர்தான் வரி. ஆனால் வாரத்துக்கு 82 வீதம் பிடித்தது ஏறத்தாழ 1,475. மீதி 1,135 டாலர் திரும்பி வரும். சம்பளத்தில் 7.65 விழுக்காடாகப் போகும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பணம் மட்டும் இப்படித் திரும்பாது. அதற்கு அடுக்கும் இல்லை, கழிவும் இல்லை, முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். உண்மையில் அவன் வாங்கிய 1,000 டாலர் வாரச் சம்பளத்தில் வருமான வரிக்கு 82 போனால் இதற்கு 76.50 போகிறது. புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மாநில வரியைப் பற்றியும் கேட்டான். எத்தனை மாநிலங்கள் வழியாக ஓட்டினாலும், மாநிலம் தாண்டிச் சரக்கு ஏற்றும் ஓட்டுநரின் சம்பளத்துக்கு அவர் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வருமான வரி விதிக்கலாம் என்பது கூட்டாட்சிச் சட்டம். டெக்சாஸில் அந்த வரியே கிடையாது.

நான் அவனை எச்சரித்தது வேறொன்றைப் பற்றி. அவனோடு பயிற்சி பெற்ற ஒருவனை, வேறோர் இடத்தில் 1099 முறையில், அதாவது ஊழியராக அல்லாமல் தனி ஒப்பந்ததாரராக, சேர்த்து, மைலுக்குச் சில சென்ட் அதிகம் தருகிறார்கள், பிடித்தமே இல்லை. டிரக் அவர்களுடையது, லோடைத் தீர்மானிப்பவர்களும் அவர்கள். அந்த நண்பன் பெயருக்குத்தான் சுயதொழில் செய்பவன். வருமான வரியோடு, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கு நிறுவனம் கட்ட வேண்டிய பாதியையும் சேர்த்து 15.3 விழுக்காடு சுயதொழில் வரியையும் அவன் தலையில் கட்டுகிறார்கள். அதையும் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி எனத் தவணை தவறாமல் அவனே செலுத்த வேண்டும். வாரா வாரம் முழுப் பணமும் கையில் வரும்போது அதில் கால்வாசியை யார் எடுத்துவைக்கிறார்கள்? நண்பனுடைய சீட்டையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.