கீழ்த்திசை: யாருக்குக் கிழக்கு?

என் தாத்தா தமிழாசிரியராக இருந்தவர். தம் பெயருக்குப் பின்னால் பி.ஓ.எல். என்ற எழுத்துகளைச் சேர்த்தே எழுதுவார். அதன் விரிவு ‘கீழ்த்திசைக் கல்வியில் இளநிலைப் பட்டம்’ (Bachelor of Oriental Learning) என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. ஒரு காலத்தில் தமிழ் படித்தவர்கள் பெற்ற பட்டம் அது; மு. வரதராசனார் 1939இல் பெற்றதும் அதுவே. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டிலேயே தமிழ் பயின்ற ஒருவருடைய கல்வி எப்படிக் ‘கீழ்த்திசைக் கல்வி’ ஆகும் என்ற கேள்வி அன்றுமுதல் என்னிடம் இருக்கிறது. சென்னைக்குக் கிழக்கே இருப்பது வங்கக் கடல். அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் நின்று திசை பார்த்த இடம் சென்னை அன்று.

இதனால்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2022 ஆகஸ்ட் முதல் நாள் தன் கீழ்த்திசையியல் புலத்தின் பெயரை ‘ஆசிய, மத்தியக் கிழக்கு ஆய்வுப் புலம்’ என்று மாற்றியதை வெறும் நிர்வாகச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை. அங்கே அரபு மொழிக்கு 1636இலும் சமஸ்கிருதத்துக்கு 1832இலும் பேராசிரியர் இருக்கைகள் ஏற்பட்டன. எபிரேயம், அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், திபெத்தியம், சீனம், ஜப்பானியம், பண்டைய எகிப்தியம் என்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பல மொழிகளும் பண்பாடுகளும் அந்த ஒரே புலத்துக்குள் அடங்கின. நைல் நதிக்கரைக் கல்வெட்டையும் ஜப்பானியக் கவிதையையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தது அவற்றுக்கு இடையிலான உறவு அன்று. அவை எல்லாம் ஐரோப்பாவுக்குக் கிழக்கே இருப்பவை என்ற ஒரே எண்ணம்தான். 1978இல் பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் ‘ஓரியண்டலிசம்’ என்ற நூலில் முன்வைத்த விமர்சனத்துக்குப் பிறகு, ஆள்பவர் ஆளப்படுபவரைப் பார்த்த பார்வை ‘ஓரியண்டல்’ (கீழ்த்திசை) என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் படிந்திருப்பதை அறிஞர்களால் கவனிக்காமல் கடக்க இயலவில்லை. அமெரிக்காவில் அச்சொல் ஆசிய வம்சாவளியினரைக் குறிக்கும் வசையாகவே ஒலிக்கத் தொடங்கியதால், 2016இல் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தே அது நீக்கப்பட்டது.

தமிழில் இந்தச் சொல்லின் நிலை வேறு. நிலம் மேற்கு மலைகளிலிருந்து கிழக்குக் கடலை நோக்கிச் சரிவதால், உயர்ந்திருக்கும் பக்கம் மேற்கு என்றும் தாழ்ந்திருக்கும் பக்கம் கிழக்கு என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். நம் கிழக்கு நம் காலடி நிலத்தைப் பார்த்துப் பிறந்த சொல். ஆனால் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று சென்னையில் நாம் எழுதும்போது, அந்தச் சொல்லுக்குள் இருப்பது இலண்டனிலிருந்து அளந்த கிழக்கு. வேற்றுமொழிச் சொல்லை மொழிபெயர்த்தபோது அதன் பார்வையையும் சேர்த்தே மொழிபெயர்த்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே பெயர்மாற்றத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பழைய பெயர் நூற்றாண்டுக் கணக்கில் புலமையின் அடையாளமாக இருந்தது, அதை இழப்பது மரபை இழப்பதாகும் என்று வருந்துவோரின் உணர்வும் எனக்குப் புரிகிறது. என் தாத்தாவுக்கும் அந்த மூன்று எழுத்துகள் பெருமையாகவே இருந்தன. எனினும் அவர் பெருமைப்பட்டது தாம் கற்ற தொல்காப்பியத்துக்காக, திசைப்பெயருக்காக அன்று.

புதிய பெயரிலும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. ‘மத்தியக் கிழக்கு’ என்பதும் ஐரோப்பாவிலிருந்து அளந்த கிழக்குதான். நமக்கு அது மேற்கு. புது டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ‘மேற்காசியா’ என்றே பெயர் கொண்டிருக்கிறது. 1919இல் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை நிறுவனமும் 2023இல் பெயர் மாறியபோது, பண்டைய பண்பாடுகளுடன் மேற்காசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் குறிக்கும் பெயரை ஏற்றது. நிலப்படத்தை எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் பொய்யாகாத பெயர் அது. நம் நாளிதழ்களும் இந்த வழக்கைக் கைக்கொள்ள வேண்டும்.

இருப்பினும் என் கவலை பெயரோடு முடிவதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆக்ஸ்போர்டுக்கு முன்பே, 2007இல், தன் கீழ்த்திசையியல் புலத்துக்குப் புதிய பெயர் சூட்டிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அங்கே சமஸ்கிருதத்துக்கான இளநிலைப் பட்டப்படிப்பு கைவிடப்பட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருத்தமான பெயர் ஒருபுறம் வருவதும், அந்தப் பெயர் குறிக்கும் மொழிகளுள் ஒன்று பாடத்திட்டத்திலிருந்து மறைவதும் அருகருகே நிகழக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஜி. யு. போப் ஆக்ஸ்போர்டில் 1880களில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு மொழிக்கு ஓர் ஆசிரியர் பணியிடம் இருந்ததால் விளைந்தவை அவை. பேரரசின் காலத்துப் பார்வையை இன்றைய பல்கலைக்கழகம் கைவிடுவது நியாயம். அந்தக் காலத்தில் தொடங்கிய மொழிக்கல்வியைச் செலவைக் காட்டிச் சுருக்குவது நியாயம் அன்று. பெயர்மாற்றத்தை அறிவிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், அந்தப் புலத்தில் எந்தெந்த மொழிகளுக்கு எத்தனை நிலையான ஆசிரியர் பணியிடங்கள் தொடரும் என்பதையும் அதே அறிவிப்பில் வெளியிட வேண்டும் என்று விரும்புகிறேன்.