அப்பீலைத் திரும்பப் பெறும் முன் ‘ஆப்ஜெக்டட்’ கிளெய்மைப் பாருங்கள்

ஒரு பக்கக் கடிதம்தான். மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரே வரி. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு அது போய்ச் சேர்ந்திருந்தால் விண்ணப்பம் அன்றோடு செத்திருக்கும். அனுப்புவதற்கு முதல் நாள் கண்ணில் பட்டதால் பிழைத்தது.

கிளெய்ம் என்பது காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் உரிமைக்கோரல். 1 முதல் 6 வரையிலான கிளெய்ம்களுக்கு இறுதி நிராகரிப்பு, அதாவது ஃபைனல் ரிஜெக்‌ஷன். 1-ஐச் சார்ந்த 7-ஐ மட்டும் எக்ஸாமினர் (விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் அதிகாரி) ‘ஆப்ஜெக்டட்’ என்று குறித்திருந்தார். விஷயம் தேறும், ஆனால் நிராகரிக்கப்பட்ட கிளெய்மில் தொங்குகிறது என்று பொருள். அப்பீலை விட்டால் 7 கையில் நிற்கும் என்று நம்பித்தான் கடிதம் தயாரானது. அலுவலகத்தின் பரிசோதனை நடைமுறைக் கையேடான எம்.பி.இ.பி.-யின் 1215.01 பிரிவு வேறு மாதிரிச் சொல்கிறது: அப்பீலைத் திரும்பப் பெறும்போது இப்படிப்பட்ட கிளெய்மும் நிராகரிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஃபைனல் ரிஜெக்‌ஷனுக்குப் பதில் தரும் கெடு முடிந்து, ‘அலவ்டு’ (ஏற்கப்பட்ட) கிளெய்ம் ஒன்றுகூட இல்லாவிட்டால், திரும்பப் பெற்ற தேதியிலேயே விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்தக் கெடு எவ்வளவு நீட்டினாலும் ஆறு மாதம்தான். ப்ரீஃப் (அப்பீலுக்கான எழுத்து வாதம்) போட்டு முடிக்கும் கட்டத்தில் பெரும்பாலும் அது கடந்திருக்கும்.

வழி அலுவலகத்தின் அப்பீல் விதி 41.33(b)-இல் இருந்தது. ப்ரீஃப் போட்ட பிறகும் இரண்டு வகைத் திருத்தங்களை ஏற்கலாம்: மற்ற கிளெய்ம்களின் எல்லையை மாற்றாதபடி கிளெய்ம்களை நீக்குவது, சார்பு கிளெய்மைத் தனிக் கிளெய்மாக எழுதுவது. 1-இல் உள்ள எல்லாக் கூறுகளையும் 7-க்குள் கொண்டுவந்து திருத்தம் போட வேண்டும். வார்த்தையை அழகுபடுத்தக் கை வைக்காதீர்கள். ஒரு கூறு குறைந்தாலும் அது வேறு கிளெய்ம். திருத்தத்தை ஏற்றதாக எக்ஸாமினரிடமிருந்து எழுத்தில் வரும்வரை அப்பீலைத் திரும்பப் பெறும் கடிதம் மேஜையிலேயே இருக்கட்டும். போனில் “சரி” என்றது போதாது.

இதையெல்லாம் ஃபைல் எக்ஸாமினரிடம் இருக்கும்போதே செய்ய வேண்டும். ரிப்ளை ப்ரீஃப் (எக்ஸாமினரின் பதிலுக்குத் தரும் மறுவாதம்) போட்டதும், அல்லது அதற்கான கெடு முடிந்ததும், எது முதலோ அப்போதே அதிகாரம் அப்பீலை விசாரிக்கும் போர்டுக்குப் போய்விடும்.

யார் கையெழுத்து என்பதிலும் கண்ணி இருக்கிறது. ரெக்கார்டில் இல்லாத, அதாவது அந்த விண்ணப்பத்தின் பிரதிநிதியாகப் பதிவாகாத அட்டர்னியும் அப்பீலைத் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெறுவதாலேயே விண்ணப்பம் கைவிடப்படும் நிலை என்றால் கூடாது. அதை நேரடியாகக் கைவிடுவதாகவே அலுவலகம் பார்க்கும்.

ஆர்.சி.இ. (பரிசோதனையைத் தொடரக் கேட்கும் மனு) போட்டால் போதுமே என்பார்கள். நல்ல வழிதான், அரைகுறையாகப் போட்டால் கடிதத்தைவிட மோசம். கட்டணமோ, சப்மிஷனோ (நிராகரிப்புக்கான பதில்) விடுபட்டாலும் அப்பீல் திரும்பப் பெறப்பட்டதாகவே கணக்கு. ஆர்.சி.இ. செல்லாது, அப்பீலும் போச்சு. ஏற்கெனவே போட்ட ப்ரீஃப் தானாகச் சப்மிஷன் ஆகாது. அதிலுள்ள வாதங்களை இதில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் விண்ணப்பம் போவதைத்தான் தாங்க முடியாது.

7 அலவ் ஆன பிறகு கடிதம் போனது. 1 முதல் 6 வரை நீக்கப்படும் என்று தெரிந்தே கையெழுத்து. அவற்றுக்காகப் போராட வேண்டுமானால் மூல விண்ணப்பம் உயிரோடிருக்கும்போதே, அதாவது காப்புரிமை வெளியாவதற்கு முன்பே, கன்டின்யுவேஷன் (மூலத்தைத் தொடரும் புதிய விண்ணப்பம்) போட்டுவிட வேண்டும். அப்பீல் போர்டில் முடிவுக்குக் காத்திருக்கையில் அப்படித் தீர்மானித்தால் போர்டின் கிளார்க்குக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்து அதற்குள் முடிவு வந்துவிட்டால், அதை ரத்துசெய்யக் கேட்டாலும் போர்டு மறுக்கலாம்.