பூவில் வந்த உத்தரவு

பூசாரி செய்தது சரியா என்று யோசிக்கும்போதெல்லாம், நான் அவரிடம் என்ன கேட்டேன் என்பதில் போய் நிற்கிறேன். "ஐயா, நீங்க ஊர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. இது தப்புன்னு நேரா சொல்லுங்க" என்றுதான் கேட்டேன். அவர் சொல்லவில்லை. ஆனால் வயது வராத அந்தப் பிள்ளையின் கல்யாணம் நின்றுவிட்டது.

உசிலம்பட்டிப் பக்கம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு எங்களிடம் வரும் அழைப்புகளில் இது புதிதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, தாய்மாமன்தான் மாப்பிள்ளை, பத்திரிகை கிடையாது. திருப்பரங்குன்றம் மாதிரி அறநிலையத் துறைக் கோயிலில் வைத்தால் வயதுச் சான்று கேட்பார்கள். குலதெய்வக் கோயிலில் யார் கேட்பது? சமூகநல அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்த கையோடு பூசாரியிடம் போனது அதனால்தான். அதிகாரிகள் கடைசி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள். இவர் அந்தப் பிள்ளைக்கு மொட்டை எடுத்தபோது பக்கத்தில் நின்றவர்.

சட்டத்தையும் சொன்னேன். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெற்றோருக்கு மட்டுமில்லை, நடத்தி வைக்கிறவருக்கும் 2 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். அவர் வெற்றிலையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஜெயிலுக்குப் பயந்து நான் சொன்னா, அதை எவன் மதிப்பான் தாயி?"

கொஞ்சம் கழித்து அவரே சொன்னார். "நான் சொன்னா, பூசாரிக்கு எவனோ காசு குடுத்துட்டான்ம்பாங்க. ஆத்தா சொன்னா தட்ட மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அங்கே வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஒரு சின்னப் பையன் எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி. அப்பாக்காரர் மறுபடி கட்டச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. "பதினெட்டு முடியட்டும்ங்கிறா" என்று பூசாரி சாதாரணக் குரலில் சொன்னாராம். நான் அங்கே இல்லை. மற்றப் பொட்டலத்தில் என்ன பூ இருந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிள்ளை பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள். 'ஆலோசனைக்குப் பின் பெற்றோர் திருமணத்தைக் கைவிட்டனர்' என்று கோப்பில் எழுதினேன். பொய் என்றும் சொல்ல முடியாது. படிவத்தில் பூவுக்கு இடமில்லை.

இதில் எனக்கு என்ன குறை? பூசாரி நேருக்கு நேர் பேசியிருந்தால் அப்பாக்காரர் வீம்புக்கு வெளியூருக்குக் கூட்டிப்போய் ராத்திரியோடு ராத்திரியாகத் தாலி கட்ட வைத்திருப்பார். அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். கட்டிவிட்டால் அந்தக் கல்யாணம் தானாகச் செல்லாமல் போகாது. பிள்ளைதான் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும், அதுவும் மேஜராகி 2 வருடத்துக்குள். பெற்றவர்களை எதிர்த்து எத்தனை பிள்ளைகள் போகும்? ஆத்தா உத்தரவு இல்லை என்றதால் மைத்துனனிடமும் பகை இல்லாமல் முடிந்தது. பூசாரிக்கு ஊர் தெரியும், எனக்குச் சட்டம்தான் தெரியும்.

சரி, ஆனால் அந்த அப்பா, தான் மகளுக்குச் செய்ய இருந்தது அநியாயம் என்று ஒரு வாயிலிருந்தும் கேட்கவில்லை. நேரம் சரியில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார். சிவப்பு வரவைக்கத் தெரிந்த கை வெள்ளையும் வரவைக்கும், அடுத்த பூசாரி எப்படியோ. அம்மாவிடம் தனியாகக் கேட்டபோது "நான் சொல்லி எங்கக்கா நடக்கும்?" என்றாள். அவள் புருஷனைக் காட்டினாள், புருஷன் சொந்தபந்தத்தைக் காட்டினார், பூசாரி ஆத்தாவைக் காட்டினார். இதை நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான், நானும் சட்டத்தைக் காட்டித்தானே பேசினேன் என்று உறைத்தது. தப்பு என்று என் பேரில் நான் அந்த அப்பாவிடம் சொன்னேனா? தண்டனை எவ்வளவு என்றுதான் சொன்னேன். அது என் வேலை என்று வாதாடலாம். பூசாரியும் அதையே சொல்லுவார்.

அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அந்த அப்பாவைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். "பெரியவளுக்குத் தள்ளிப்போட்டாச்சு. சின்னவளுக்கு ஆத்தா என்ன சொல்றாளோ, பாப்போம்" என்றார், சிரித்துக்கொண்டே.

சின்னவள் எட்டாவது படிக்கிறாள். பூசாரியிடம் அந்த இரண்டு பொட்டலங்களைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அவர் உள்ளதைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை அவரிடம் எந்த முகத்தோடு உதவி கேட்பது என்பதுதான் தயக்கம்.